மைனிங் கருவியின் இரைச்சல்: முதலில் வாட்டைக் குறையுங்கள்

கேள்வி: ஐயா, ஒருவர் பயன்படுத்திய ஆண்ட்மைனர் எஸ்9 பிட்காயின் மைனிங் கருவியை, அதாவது பிட்காயின் ஈட்ட இடைவிடாமல் கணக்குப் போடும் கணினியை, வாங்கி, படுக்கையறையை ஒட்டியுள்ள சாமான் அறையில் ஓட்டி வருகிறேன். இரைச்சல் தாங்க முடியவில்லை. கைப்பேசிச் செயலியில் அளந்தால் சாமான் அறையில் 77 டெசிபல். இரவில் கதவுகளைச் சாத்திய பிறகும் படுக்கையறையில் 47 காட்டுகிறது. தேர்வுக்குப் படிக்கும் மகள் தலைவலி என்கிறாள். மனைவிக்குச் சரியான தூக்கமே இல்லை. ஒரு மர அலமாரியின் உட்புறம் முழுவதும் ஃபோம் ஒட்டி, கருவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திப் பார்த்தேன். சற்று நேரம் அமைதியாக இருந்தது. பிறகு விசிறிகள் முன்பைவிட அதிகமாக அலறி, கடைசியில் கருவி தானாகவே நின்றுவிட்டது. சத்தம் குறைவான விசிறிகளை வாங்கி மாட்டினால் போதுமா? விசிறி ஓடுவதாகக் கருவியை நம்பவைக்கும் சிறு சர்க்யூட் கிடைக்கிறது என்கிறார்கள், அதைப் பயன்படுத்தலாமா? எண்ணெயில் மூழ்க வைத்து ஓட்டுவது நல்லதா? எதுவுமே சரிவராவிட்டால் விற்றுவிடலாமா?

பதில்: அன்புள்ள வாசகருக்கு, கட்டடங்களின் காற்றோட்டமும் ஒலிக் கட்டுப்பாடும் என் தொழில். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பயன்பட்டது அந்த அலமாரிச் சோதனைதான். அதில் நடந்ததைப் புரிந்துகொண்டால் மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் பாதி விடை கிடைத்துவிடும்.

உங்கள் கருவி முழு வேகத்தில் சுமார் 1,350 வாட் மின்சாரம் எடுக்கிறது. அது கணக்குப் போட்டு முடித்த பிறகு அந்த மின்சாரத்தில் எதுவும் மிஞ்சுவதில்லை, அத்தனையும் வெப்பமாகிறது. ஓர் அறை ஹீட்டரை அலமாரிக்குள் வைத்துப் பூட்டியதற்கும் நீங்கள் செய்ததற்கும் வெப்பக் கணக்கில் வேறுபாடு கிடையாது. வெளியேறிய சூடான காற்று சுற்றிக்கொண்டு மீண்டும் கருவியின் முன்வாய்க்கே வந்தது. உள்ளே நுழையும் காற்று சூடாக இருப்பதால் சிப்புகள் மேலும் சூடாயின. சூடு ஏறியதைக் கண்ட கண்ட்ரோல் போர்டு, அதாவது கருவியை இயக்கும் பலகை, விசிறிகளை முழு வேகத்துக்குத் தள்ளியது. அதுவும் போதாமல் போனபோது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மின்சாரத்தை நிறுத்தியது. கருவி சரியாகவே நடந்துகொண்டிருக்கிறது. தயவுசெய்து அந்தச் சோதனையை மீண்டும் செய்யாதீர்கள். சாதாரண ஃபோம் எளிதில் தீப்பற்றும், பற்றினால் நச்சுப்புகை கக்கும். வீட்டில் குழந்தை தூங்கும்போது அந்த ஆபத்தை வைத்துக்கொள்ளக் கூடாது.

ஆக, இரைச்சல் எங்கிருந்து புறப்படுகிறது? வெப்பத்தை அள்ளிச் செல்லக் காற்று வேண்டும். எவ்வளவு காற்று என்பதற்கு எளிய கணக்கு உண்டு. வாட்டை 3 ஆல் பெருக்கி, உள்ளே வரும் காற்றுக்கும் வெளியே போகும் காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டால் வகுத்தால், மணிக்கு எத்தனை கன மீட்டர் காற்று தேவை என்பது தோராயமாகக் கிடைக்கும். 1,350 வாட், 15 டிகிரி செல்சியஸ் வேறுபாடு என்றால் மணிக்கு 270 கன மீட்டர். அத்தனை காற்றையும் 12 சென்டிமீட்டர் அகல வாய் வழியாக, நெருக்கமான அலுமினியத் தகடுகளுக்கு நடுவே தள்ள வேண்டும். அதற்காகத்தான் நிமிடத்துக்கு 6,000 சுற்று வரை போகக்கூடிய விசிறியை அதில் பொருத்தியிருக்கிறார்கள்.

விசிறித் துறையில் நாங்கள் அன்றாடம் பயன்படுத்தும் ஒரு விதி இருக்கிறது. ஒரே விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் அது தள்ளும் காற்றும் பாதியாகும். ஆனால் அதன் இரைச்சல் சுமார் 15 டெசிபல் குறைந்துவிடும். பத்து டெசிபல் குறைந்தாலே மனிதக் காதுக்குச் சத்தம் பாதியானதுபோல் தோன்றும் என்பதை வைத்துப் பார்த்தால் 15 எவ்வளவு பெரிய லாபம் என்பது விளங்கும். எந்தச் சுவரும் எந்த ஃபோமும் இவ்வளவு மலிவாக 15 டெசிபலைத் தராது. எனவே வேலையின் வரிசை இதுதான்: முதலில் வெப்பத்தைக் குறைக்க வேண்டும், அதனால் விசிறியின் வேகம் குறைய வேண்டும், பிறகு காற்றை அகலமான வழியில் மெதுவாக வெளியேற்ற வேண்டும். மிச்சமிருக்கும் சத்தத்துக்கு மட்டுமே அடைப்பு. பெரும்பாலானவர்கள் கடைசிப் படியில் தொடங்குகிறார்கள். பணமும் போகிறது, இயந்திரமும் சூடாகிறது.

இலக்கையும் முதலிலேயே தீர்மானித்துக்கொள்வோம். தூங்கும் அறைக்குள் தொடர்ச்சியான பின்னணி இரைச்சல் 30 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. உங்கள் படுக்கையறையில் 47. குறைக்க வேண்டியது 17 டெசிபல். கைப்பேசிச் செயலியின் எண்களை அப்படியே நம்ப வேண்டாம், குறிப்பாக அமைதியான அறையில். ஆனால் அதே கைப்பேசியை அதே இடத்தில், தலையணை அருகே வைத்து, ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னும் பின்னும் அளந்தால் எத்தனை குறைந்தது என்பது போதுமான அளவுக்குத் தெரியும். அந்த வித்தியாசம்தான் நமக்கு வேண்டியது.

காசு செலவழிக்கும் முன் கருவியைச் சுத்தம் செய்யுங்கள். பயன்படுத்திய கருவி என்கிறீர்கள், அது எந்தக் கூடத்தில் எவ்வளவு தூசியில் ஓடியது என்பது தெரியாது. மின்சார வயரைக் கழற்றி, கருவி ஆறிய பின் முன் விசிறியின் நான்கு திருகுகளையும் எடுத்துவிட்டு, டார்ச் விளக்கை ஒரு முனையில் பிடித்து மறுமுனையிலிருந்து பாருங்கள். நல்ல நிலையில் உள்ள கருவியில் தகடுகளுக்கு நடுவே வெளிச்சம் கோடு கோடாகத் தெரியும். தெரியவில்லை என்றால் விசிறிக்கும் தகடுகளின் முன்விளிம்புக்கும் இடையில் தூசி படிந்து தடித்த படலமாக ஒட்டியிருக்கிறது என்று பொருள். வீட்டுக்கு வெளியே எடுத்துச் சென்று, முகக்கவசம் அணிந்து, ஊதும் காற்றால் பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாகத் தள்ளுங்கள். அப்போது விசிறி இறக்கைகளை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்றின் வேகத்தில் அவை கட்டுப்பாடின்றிச் சுழன்றால் பேரிங் கெடும்.

விசிறி கையில் இருக்கும்போதே அதைக் காதருகே வைத்து மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். நல்ல பேரிங் சத்தமில்லாமல் சுழன்று தானே நிற்கும். கரகரவென்று உராய்ந்தாலோ, இறக்கையை முன்னும் பின்னும் அசைக்க முடிந்தாலோ அந்த விசிறியை மாற்றிவிடுங்கள். அதைக் காப்பாற்றிப் பயனில்லை.

இன்னொரு சோதனையும் செய்து பாருங்கள், செலவே கிடையாது. கருவி ஓடும்போது அதன் முன்வாய்க்கு எதிரே ஓர் அட்டையை மெதுவாகக் கொண்டுவாருங்கள். கை நீளத் தொலைவில் ஒன்றும் மாறாது. ஐந்து சென்டிமீட்டருக்குள் வரும்போது சத்தம் முரடாகி, ஒரு விசில் தனியே எழும். காற்று ஒழுங்காக நுழைய இடமில்லாமல் சுழித்துக்கொண்டு இறக்கைகளில் மோதுவதால் வருவது அது. சாமான் அறையில் கருவி சுவரை ஒட்டியோ பெட்டிகளுக்கு நடுவிலோ இருக்கிறதா? முன்னும் பின்னும் தாராளமாக இடம் விடுங்கள். இந்த ஒரு மாற்றமே அந்தக் கூரிய ஓசையைக் குறைப்பதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். தலைவலியைத் தருவது பெரும்பாலும் அந்தக் கூரிய ஓசைதான். ஏழு இறக்கை விசிறி நிமிடத்துக்கு 6,000 சுற்றில் ஓடினால் விநாடிக்கு 700 முறை இறக்கை கடக்கும். 700 ஹெர்ட்ஸில் ஒரே சுருதி நாள் முழுவதும் ஒலிக்கும். ஒரே சுருதியில் ஒலிக்கும் சத்தத்தை, அதே டெசிபல் அளவுள்ள மழைச் சத்தத்தைவிட மூளை மிகவும் சிரமப்பட்டே சகித்துக்கொள்கிறது. உங்கள் மகள் மிகைப்படுத்தவில்லை.

இப்போது முக்கியமான வேலைக்கு வருவோம். சிப்பின் மின்செலவு இரண்டைப் பொறுத்தது: எத்தனை வேகமாகக் கணக்கிடுகிறது என்ற அதிர்வெண், எத்தனை வோல்ட் கொடுக்கிறோம் என்பது. அதிர்வெண்ணைக் குறைத்தால் செலவு அதே விகிதத்தில் குறையும். வோல்ட்டைக் குறைத்தால் அதன் வர்க்கத்தின் விகிதத்தில் குறையும். மெதுவாக ஓடும் சிப்புக்குக் குறைந்த வோல்ட்டே போதும் என்பதால் இரண்டையும் சேர்த்தே இறக்கலாம். அதிர்வெண்ணை 70 சதவீதத்துக்கும் வோல்ட்டை 85 சதவீதத்துக்கும் கொண்டுவந்தால், 0.7 பெருக்கல் 0.85 பெருக்கல் 0.85, அதாவது ஏறத்தாழ 0.51. கணக்கிடும் திறனில் 30 சதவீதத்தை விட்டுக்கொடுக்கிறீர்கள், மின்செலவிலும் வெப்பத்திலும் பாதியை மிச்சப்படுத்துகிறீர்கள். எஸ்9 போன்ற பழைய கருவியில், மின்கட்டணத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இது பல சமயம் லாபத்தையும் கூட்டும். ஏனெனில் ஒவ்வொரு கணக்குக்கும் செலவாகும் மின்சாரம் குறைகிறது.

எல்லாச் சிப்புகளும் 85 சதவீத வோல்ட்டில் ஓடிவிடும் என்று சொல்ல மாட்டேன். சிப்புகள் பொருத்திய பலகையான ஹேஷ் போர்டு ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். கருவியோடு வந்த ஃபர்ம்வேரில், அதாவது அதை இயக்கும் உள் மென்பொருளில், குறைந்த மின்சார நிலை இருந்தால் அதை முதலில் முயலுங்கள். இல்லாவிட்டால் பிரெயின்ஸ் ஓஎஸ் போன்ற மாற்று ஃபர்ம்வேர்கள் எஸ்9க்கு உண்டு. இத்தனை வாட்டுக்குள் ஓடு என்று சொன்னால் ஒவ்வொரு சிப்பையும் அதற்கேற்ப அவையே சரிசெய்துகொள்ளும். இரண்டு எச்சரிக்கைகள். ஃபர்ம்வேரை அதை உருவாக்கியவர்களின் சொந்தத் தளத்திலிருந்து மட்டுமே எடுங்கள். யாரோ பகிர்ந்த கோப்பில் உங்கள் உழைப்பைத் தன் கணக்குக்குத் திருப்பிவிடும் நிரல் ஒளிந்திருக்கலாம். அடுத்து, இத்தகைய மாற்றம் உத்தரவாதத்தை ரத்துசெய்யும். உங்கள் பழைய கருவிக்கு அந்தக் கவலை இருக்காது, புதிய கருவி வைத்திருப்பவர்கள் யோசித்துச் செய்ய வேண்டும்.

ஒரேயடியாக இறக்காதீர்கள். 1,350இலிருந்து 1,100, பிறகு 900, பிறகு 750 என்று படிப்படியாக வாருங்கள். ஒவ்வொரு படியிலும் சில மணி நேரம் ஓடவிட்டு, சிப் வெப்பநிலை, விசிறி வேகம், பிழை விகிதம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பிழை ஏறினால் ஒரு படி மேலே போய்விடுங்கள். 750 வாட் நிலையை அடைந்தீர்களானால் தேவையான காற்று மணிக்கு 150 கன மீட்டராகச் சுருங்கும். விசிறி வேகமும் அதே விகிதத்தில் இறங்கினால் இரைச்சல் 12, 13 டெசிபல் வரை குறையும். நமக்கு வேண்டிய 17இல் பெரும்பகுதி ஒரு ஸ்பேனர்கூடத் தொடாமல் கிடைத்துவிடுகிறது. விசிறி தானாக இறங்காமல் பிடிவாதமாக வேகமாகவே ஓடினால், ஃபர்ம்வேரில் அதன் வெப்பநிலை இலக்கு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். சிலவற்றில் விசிறி ஒரு நிலையான சதவீதத்தில் பூட்டப்பட்டிருக்கும். அதைத் தானியங்கி முறைக்கு மாற்ற வேண்டும்.

உங்கள் முதல் கேள்வி, விசிறி மாற்றுவது. விசிறியின் பெயரைப் பார்த்து வாங்காதீர்கள். ஒரே அளவுள்ள இரண்டு நல்ல விசிறிகள் ஒரே வேகத்தில், ஒரே அளவு காற்றை, ஒரே தடைக்கு எதிராகத் தள்ளினால் சத்தத்தில் பெரிய வேறுபாடு இருக்காது. அமைதியான விசிறி என்று விற்கப்படுவது பெரும்பாலும் மெதுவான விசிறி. கணினிப் பெட்டிகளுக்கான 1,500 சுற்று விசிறியை இன்றைய நிலையில் உங்கள் கருவியில் மாட்டினால், அந்த நெருக்கமான தகடுகளைத் தாண்டிக் காற்றைத் தள்ளும் அழுத்தமே அதற்கு இருக்காது. கருவி சூடாகி நிற்கும், அல்லது விசிறி வேகம் போதவில்லை என்று கண்ட்ரோல் போர்டு ஓட மறுக்கும். ஆனால் வாட்டைக் குறைத்த பிறகு கதை வேறு. காற்று பாதியானால் அதைத் தள்ளத் தேவைப்படும் அழுத்தம் கால் பங்காகும். அப்போது அழுத்தம் தரவென்றே வடிவமைத்த 3,000 சுற்று விசிறி ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாகப் போதுமானதாக இருக்கும். நொக்டுவா நிறுவனத்தின் தொழிற்சாலை வகை 120 மில்லிமீட்டர் விசிறிகளைப் பலர் இதற்குப் பயன்படுத்துகிறார்கள். நான்கு வயர் கொண்டதாகவும், வேகத்தைக் கருவிக்குத் திருப்பித் தெரிவிப்பதாகவும் இருக்க வேண்டும். சில விசிறிகளில் பிளக்கின் வடிவம் ஒத்தாலும் வயர்களின் வரிசை மாறியிருக்கும். மாட்டும் முன் வரிசையைச் சரிபாருங்கள். இரண்டையும் ஒரே வகையாக வாங்குங்கள். வேகம் மிகச் சிறிதளவே வேறுபடும் இரண்டு விசிறிகள் சேர்ந்தால் சத்தம் ஏறி இறங்கி அலையடிக்கும், தூக்கத்துக்கு அது இன்னும் கேடு.

வாட்டைக் குறைத்ததும் பழைய விசிறிகளே போதிய அளவு அடங்கிவிட்டால் புதியவற்றுக்குச் செலவழிக்காதீர்கள்.

அந்தச் சர்க்யூட்டைப் பற்றி: வேண்டாம். விசிறி ஓடுகிறது என்று பொய்யான தகவலை அது கண்ட்ரோல் போர்டுக்குத் தருகிறது. கருவியை எண்ணெயில் மூழ்க வைப்பவர்களுக்கு, அங்கே விசிறியே கிடையாது என்பதால், அது தேவைப்படுகிறது. காற்றில் குளிரும் கருவியில் ஒரு விசிறி நள்ளிரவில் நின்றுபோனால் அதை முதலில் கண்டுபிடிக்கும் காவலைத்தான் நீங்கள் கழற்றிவிடுகிறீர்கள். சிப்பின் வெப்பநிலை உணரி இருக்கிறதே என்று கேட்கலாம். அது இரண்டாவது காவல். எல்லோரும் தூங்கும் வீட்டில் ஒரே ஒரு காவலை நம்பி ஆயிரம் வாட் கருவியை ஓட்டக் கூடாது. இதில் எனக்கு எந்தச் சமரசமும் இல்லை.

கருவி அடங்கியதும் அதற்கு மின்சாரம் தரும் பவர் சப்ளை பெட்டியின் சத்தம் வெளியே கேட்கத் தொடங்கும். அதிலுள்ள விசிறி சிறியது. சிறிய விசிறி கூடுதல் வேகத்தில் சுழன்றே ஆக வேண்டும், எனவே அதன் ஓசையும் கீச்சென்று இருக்கும். சுமை பாதியானதும் அதன் வெப்பமும் குறையும். அதன் காற்று வாய்களைத் தூசியில்லாமல் வைத்திருங்கள், கருவியின் சூடான காற்று அதன் மேல் படாதபடி தள்ளி வையுங்கள். உள்ளே விசிறியை மாற்றலாம் என்று திறக்க வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் அதன் கெப்பாசிட்டர்களில் உயிரைப் பறிக்கும் மின்னூட்டம் தங்கியிருக்கும். பழகிய மின்பணியாளரின் வேலை அது. அவரை அழைக்கும்போது, சாமான் அறையின் பிளக் பாயிண்ட் இரவும் பகலும் தொடர்ந்து ஓடும் சுமையைத் தாங்குமா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மணி நேரம் ஓடிய பின் பிளக் சூடாக இருந்தால் அதுவே அறிகுறி.

அடுத்தது காற்றின் பாதை. சாமான் அறையில் ஜன்னல் இருக்கிறதா என்று எழுதவில்லை. இருந்தால் உங்களுக்குப் பெரிய வசதி. கருவியின் பின்வாயில், 120 மில்லிமீட்டரிலிருந்து 200 மில்லிமீட்டருக்கு விரியும் கூம்பு ஒன்றைப் பொருத்தி, அங்கிருந்து அகலமான குழாய் வழியே சூடான காற்றை வெளியே விடுங்கள். மணிக்கு 150 கன மீட்டர் காற்று 120 மில்லிமீட்டர் வாயில் விநாடிக்கு சுமார் 3.7 மீட்டர் வேகத்தில் பாயும். 200 மில்லிமீட்டர் குழாயில் அது 1.3 மீட்டராகிவிடும். காற்று மெதுவாகப் போகும் இடத்தில் காற்றால் எழும் சத்தமும் இருக்காது. சாதாரண அலுமினியக் குழாயைவிட, துளையிட்ட உள்ளுறையும் அதைச் சுற்றிக் கிளாஸ் வூல் அடுக்கும் கொண்ட ஒலியடக்கும் குழாய் நல்லது. அதை இழுத்து நேராக்கி, ஒரே ஒரு வளைவு மட்டும் கொடுங்கள். சுருங்கிக் கிடக்கும் குழாய் காற்றையும் தடுக்கும், இரைச்சலையும் கூட்டும். குழாயின் வாய் பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்த்திருக்கக் கூடாது. உங்கள் தொல்லையை அவர்கள் தலையில் ஏற்றுவது தீர்வாகாது.

வெளியே போகும் காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வர வழி வேண்டும். வழியில்லாவிட்டால் கதவிடுக்குகளில் அது விசிலடித்துக்கொண்டு நுழையும். அதைவிடக் கவலைக்குரிய ஒன்று: வீட்டுக்குள் எரிவாயு வாட்டர் ஹீட்டர் போன்ற, புகைக்குழாய் வழியே புகையை வெளியேற்றும் கருவி இருந்தால், வீட்டுக் காற்றை நாம் உறிஞ்சி வெளியே தள்ளும்போது அந்தப் புகை குழாயில் ஏறாமல் வீட்டுக்குள்ளேயே திரும்பலாம். அதில் கார்பன் மோனாக்சைடு இருக்கும்; மணமில்லாத நஞ்சு. எனவே சாமான் அறைக்கு வெளிக்காற்று நேராக வரும்படி தனியே ஒரு திறப்பு வைத்து, வீட்டுக்குள் திறக்கும் அறைக் கதவை நன்றாக அடைத்துவிடுங்கள்.

அந்தக் கதவில்தான் உங்களுக்கு அடுத்த பெரிய லாபம் காத்திருக்கிறது. ஒரு தடுப்பின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தாலே, மிச்சம் முழுவதும் கருங்கல்லாக இருந்தாலும், அது 20 டெசிபலுக்கு மேல் தடுக்காது. கதவின் அடியில் விரல் நுழையும் இடைவெளி அந்த ஒரு பங்குக்குப் போதும். ஓட்டைக் குடத்தை எத்தனை தடிமனாக வனைந்தாலும் என்ன பயன்? மேல், பக்கவாட்டு விளிம்புகளில் ரப்பர் பட்டையும், அடியில் கதவைச் சாத்தும்போது இறங்கி அடைக்கும் பட்டையும் பொருத்துங்கள். கதவு உள்ளே காலியாக உள்ள இலேசான வகை என்றால் கனமான ஒட்டுப்பலகை ஒன்றை அதன் மேல் திருகுங்கள். சத்தத்தைத் தடுப்பது எடை. ஃபோம் எதிரொலியை மட்டும் உறிஞ்சும். தன் வழியே கடந்துபோகும் சத்தத்தை அது ஏறக்குறைய அப்படியே விட்டுவிடும். முட்டை அட்டைகளை ஒட்டுபவர்களும் உண்டு. அவை சத்தத்தையும் தடுப்பதில்லை, தீயை மட்டும் வரவேற்கும்.

இவ்வளவும் செய்த பிறகும் சில டெசிபல் மிச்சமிருந்தால் அப்போது பெட்டி கட்டுங்கள், ஆனால் அலமாரி மாதிரியில் அல்ல. 18 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகையில், காற்று நுழைய ஒரு பக்கமும் வெளியேற வேறொரு பக்கமும் வழி வைத்து, இரண்டு வழிகளும் உள்ளே இரண்டு முறையாவது திரும்பும்படி தடுப்புப் பலகைகள் வையுங்கள். வெளியே நின்று பார்த்தால் கருவி கண்ணுக்குத் தெரியக் கூடாது. கண்ணுக்குத் தெரியும் இடத்திலிருந்து சத்தமும் நேராக வரும். வழியின் குறுக்குப் பரப்பு எங்கேயும் விசிறி வாயின் பரப்பைவிட இரண்டு மடங்குக்குக் குறையக் கூடாது. உள்சுவர்களுக்கு 50 மில்லிமீட்டர் ராக் வூல் (பாறை இழைப் பஞ்சு) வைத்து, நார் உதிர்ந்து காற்றில் கலக்காதபடி தீப்பிடிக்காத கண்ணாடியிழைத் துணியால் மூடுங்கள். நுழையும் வழிக்கும் வெளியேறும் வழிக்கும் நடுவில் ஒரு சிறு இடைவெளிகூட இல்லாமல் அடைக்க வேண்டும். அது சரியாக வந்ததா என்பதற்கு ஒரு வெப்பமானி போதும். கருவியின் முன்வாய் அருகே அளந்த வெப்பநிலை, அறையின் வெப்பநிலையைவிட இரண்டு மூன்று டிகிரிக்கு மேல் இருந்தால் சூடான காற்று எங்கோ திரும்பி வருகிறது. அதைக் கண்டுபிடித்து அடைக்கும் வரை பெட்டியின் மூடியைச் சாத்தாதீர்கள். பக்கத்தில் ஒரு புகை எச்சரிப்பான் கட்டாயம் இருக்கட்டும்.

படுக்கையறைச் சுவரில் காதை வைத்தால் முனகல் கேட்கிறதா? கேட்டால் கருவியின் அதிர்வு அலமாரித் தட்டு வழியாகச் சுவரில் ஏறுகிறது. தட்டிலிருந்து எடுத்து, தரையில் கனமான கல் பலகை ஒன்றை மென்மையான ரப்பர் துண்டுகளின் மேல் வைத்து, அதன்மேல் கருவியை வையுங்கள். முடிந்தால் படுக்கையறைச் சுவருக்கு எதிர்ப்பக்கமாக. கருவிக்குத் தேவை மின்சாரமும் ஓர் ஈதர்நெட் கேபிளும்தான் என்பதால், வீட்டை விட்டுத் தள்ளி மழையும் தூசியும் படாத கொட்டகை இருந்தால் இத்தனை பாடும் வேண்டாம், நேராக அங்கே கொண்டுபோய்விடுங்கள்.

எண்ணெயில் மூழ்க வைப்பது உண்மையிலேயே அமைதியானது. நல்ல முறையில் அமைத்தவர்களை மதிக்கிறேன். ஆனால் வெப்பம் எண்ணெயோடு நின்றுவிடுவதில்லை. அதை வெளியே கொண்டுபோக பம்பும் ரேடியேட்டரும் அதற்கு விசிறியும் வேண்டும். மின்கடத்தாத தனி வகைத் திரவம் வேண்டும், கசிந்தால் துடைக்க முடியாத அழுக்கு. ஒரு முறை மூழ்கிய கருவியை மீண்டும் காற்றில் ஓட்டுவது பெரும்பாடு. ஒரே ஓர் எஸ்9க்காக, சாமான் அறையில், இதைச் செய்யச் சொல்ல மாட்டேன்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு சொல். எஸ்19 போன்ற அடுத்த தலைமுறைக் கருவிகள் அதிகத் திறன் கொண்டவை என்பதால் அமைதியாக இருக்கும் என்று எண்ணி வாங்குகிறார்கள். ஒவ்வொரு கணக்குக்கும் அவை குறைவாகச் செலவழிக்கின்றன என்பது உண்மை. ஆனால் ஒரு கருவி மொத்தமாக எடுப்பது சுமார் 3,250 வாட், விசிறிகள் நான்கு, தயாரிப்பாளரே குறிப்பிடும் இரைச்சல் 75 டெசிபல். வீட்டில் வைக்க வாங்குபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது மொத்த வாட்.

விற்கலாமா என்று கேட்டீர்கள். சுத்தம் செய்து, வாட்டைக் குறைத்து, கதவை அடைத்த பிறகு தலையணை அருகே மீண்டும் அளந்து பாருங்கள். 17 டெசிபல் குறைந்திருந்தால், அதைவிட முக்கியமாக மனைவியும் மகளும் ஒரு வாரம் நன்றாகத் தூங்கினோம் என்று சொன்னால், தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தீர்ப்பு அவர்களுடையது. செயலி காட்டும் எண்ணும் நீங்கள் போடும் லாபக் கணக்கும் அதற்குப் பிறகுதான். குறையவில்லை, தள்ளி வைக்க வேறு இடமும் இல்லை என்றால் மனவருத்தமின்றி விற்றுவிடுங்கள். அதுவரை இரவில் கருவியை நிறுத்தி வையுங்கள், தேர்வு முடியும் வரையாவது. விற்கும்போது ஃபர்ம்வேரைப் பழைய நிலைக்குத் திருப்பி, உங்கள் பூல் (பலர் கூடி மைனிங் செய்யும் குழு) கணக்கு விவரங்களை அழித்துவிட்டு, கழற்றிய பழைய விசிறிகளையும் சேர்த்துக் கொடுங்கள். முழு வேகத்தில் ஓட்ட விரும்பும் ஒருவருக்கு அவை தேவைப்படும்.